வெங்காயப் பெட்டிக்கு வென்ட் உண்டு, பெட்ரூமுக்கு இல்லை

எனக்கு வேலை ரீஃபர் கன்டெய்னர்களோடு. வடசென்னையில் மணலி பக்கம் ஒரு யார்டில், குளிர்பெட்டிகளைக் கப்பலுக்கு அனுப்புவதற்கு முன் சோதித்து, டிகிரி செட் பண்ணி, பிளக் போட்டு விடுவோம். அந்தப் பெட்டியின் முன்பக்கம் கையகல மூடி ஒன்று இருக்கும், வென்ட் என்போம். உறைந்த இறால் போகிற பெட்டி என்றால் அதை இறுக மூட வேண்டும். வெங்காயமோ வாழைக்காயோ போனால், மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று புக்கிங்கில் போட்டிருக்கும் அளவுக்குத் திறந்து வைக்க வேண்டும். இறால் செத்தது, வெங்காயம் மூச்சு விடும், அவ்வளவுதான் கணக்கு. மூடி வைத்தால் தான் விட்ட மூச்சிலேயே புழுங்கிக் கெட்டுப்போகும். 14 வருடமாக இதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு, வீட்டில் 10-க்கு 10 அறையில் மூன்று பேர் ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, குளிர் போகக் கூடாதென்று கதவிடுக்கில் பழைய போர்வையையும் சொருகிவிட்டுத் தூங்குவதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை பாருங்கள்.

வீடு தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டுக்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் நடுவில். இரண்டாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடிதான். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, ராத்திரியில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்களின் சத்தம்தான் வரும். அதோடு தூசி, அதோடு கொசு. மூடினால் புழுக்கம், புழுக்கத்துக்கு ஏசி, ஏசிக்காக இன்னும் இறுக்கி மூடு. எங்கள் தெருவில் வசதி கொஞ்சம் வந்த எல்லா வீட்டுக் கதையும் இதுதான்.

மகள் பிளஸ் டூ. "காலையில எழுந்தா தலை கல்லு மாதிரி இருக்குப்பா" என்று ஜூன் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கண் பார்த்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருந்தது. தூக்கமும் ஏழரை மணி நேரம் குறையவில்லை. என் மனைவி மொபைலைக் குற்றம் சொன்னாள், அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒருநாள் வென்ட் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதே இல்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப நம் மூஞ்சியில் அடிக்கிறது. ஏசி வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

சரி, முதலில் அளந்து பார்க்கலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அங்கே முதல் கடையில் கார்பன் டை ஆக்சைடு சென்சார் என்று கேட்டு வாங்கியது எம்க்யூ-135. வீட்டில் வந்து மாட்டினால், அம்மா சமையலறையில் கடுகு தாளிக்கும்போது எகிறுகிறது, மகள் சென்ட் அடித்தால் அதைவிட எகிறுகிறது. அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். அது அமோனியா, ஆல்கஹால், புகை என்று பலதுக்கும் பொதுவாக அசைந்து கொடுக்கிற சென்சார், கார்பன் டை ஆக்சைடை மட்டும் பிரித்துக் காட்டாது. அதற்கு அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கிற வகை வேண்டும். மறுவாரம் போய் எம்எச்-இசட்19பி வாங்கினேன், கூடவே தூசிக்குப் பிஎம்எஸ்5003, வெப்பம் ஈரப்பதத்துக்கு டிஎச்டி22, எல்லாவற்றையும் இணைக்க ஒரு நோட்எம்சியு போர்டு. இரண்டு பெரிய சென்சார்களுக்கும் 5 வோல்ட் தேவை, போர்டின் 3.3 வோல்ட் காலில் மாட்டினால் வேலை செய்கிற மாதிரி நடிக்கும், நம்பாதீர்கள். மகளின் பழைய டிஃபன் டப்பாவில் சூட்டுக்கம்பியால் ஓட்டை போட்டு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினேன். போர்டின் சூட்டில் டப்பாவுக்குள் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது, அதனால் டிஎச்டி22-ஐ மட்டும் ஒரு சாண் ஒயர் வைத்து வெளியே தொங்கவிட்டேன்.

முதல் வாரம் ஒரு வேடிக்கை. முதல்நாள் அதிகாலை 2,900 பிபிஎம் காட்டியது, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 2,900 பங்கு கார்பன் டை ஆக்சைடு. மறுநாள் 2,700, அதற்கடுத்த நாள் 2,500. நான் ஒன்றுமே செய்யவில்லை, காற்று தானாகத் திருந்திக்கொண்டிருந்தது! இதில் ஏதோ இருக்கிறது என்று தோண்டினால், இந்தச் சென்சாருக்குள் ஒரு தானியங்கித் திருத்தம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவைச் சுத்தமான வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 என்று வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். எங்கள் அறையோ பகலில்கூட 700-க்குக் கீழே இறங்குவதில்லை. அந்தப் புழுக்கத்தையே அது நல்ல காற்று என்று நம்ப ஆரம்பித்துவிட்டது. புரோகிராமில் ஒரு வரி போட்டு அந்தத் திருத்தத்தை அணைத்தேன். அப்புறம் டப்பாவை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய், கடல்காற்று அடிக்கிற மத்தியான நேரத்தில் அரை மணி நேரம் விட்டு, எச்டி என்று போட்டிருக்கிற காலைக் கிரவுண்டோடு 7 நொடிக்கு மேல் தொட வைத்தால் அந்த நிலையை 400 என்று பதிந்துகொள்ளும். வெளிக்காற்றே இப்போது 420-க்கு மேல் இருக்கிறது, அந்த 20 பெரிய விஷயமில்லை. தொடுகிற நேரத்தில் மட்டும் அதன் பக்கத்தில் குனிந்து மூச்சு விடக் கூடாது. நாம் விடுகிற மூச்சில் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். முதல்முறை நான் அதைத்தான் செய்தேன்.

திருத்திய பிறகு வந்த எண்கள் ஆடவில்லை. இரவு 10 மணிக்குக் கதவைச் சாத்தும்போது 750, பன்னிரண்டரைக்கு 2,000 தாண்டும், காலை 5 மணிக்கு 2,950. கணக்கும் ஒத்துப்போனது. தூங்குகிற ஆள் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார், மூன்று பேருக்கு 35 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையோ மொத்தமே 27 கன மீட்டர். அப்புறம் ஒருநாள் காலை எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, எண் இறங்குவதை மட்டும் பார்த்தேன். 2,400 ஒரு மணி நேரத்தில் 1,640 ஆனது. வெளிக்காற்றின் 420-ஐக் கழித்தால் 1,980 என்பது 1,220 ஆகியிருக்கிறது, இரண்டையும் வகுத்து மடக்கை எடுத்தால் 0.48. அதாவது ஒரு மணி நேரத்துக்கு அறையின் பாதியளவுக் காற்றுதான் இடுக்கு வழியாக உள்ளே வருகிறது, 13 கன மீட்டர். பல பழப் பெட்டிகளுக்கே இதைவிட அதிகம் கேட்பார்கள்.

இந்த எண்ணால் தலை கனக்குமா என்றால், நேரடியாக ஆமாம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். 1,000 பிபிஎம் என்ற எல்லைக்கோடே பழையது, 1858-இல் மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற வேதியியலாளர் போட்டது. அவர் இந்த வாயுவை விஷம் என்று சொல்லவில்லை, அறைக்காற்று எவ்வளவு பழசு என்று காட்டுகிற அடையாளமாக வைத்தார். 2012-இல் அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தில் 22 பேரை 600, 1,000, 2,500 என்று மூன்று அளவில் உட்கார வைத்து முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள், 2,500-இல் 9 அளவுகோல்களில் 7-இல் பெரிய சரிவு. அந்த ஒரு ஆய்வை மட்டும் பிடித்துக்கொண்டு ஊரே கத்துகிறது. ஆனால் 2018-இல் நீர்மூழ்கிக் கப்பல் ஆட்களை வைத்து அதே மாதிரி சோதனை செய்தபோது 15,000 வரை போயும் சரிவு தெரியவில்லை. எனக்குப் பொருத்தமாகப் பட்டது மூன்றாவது ஒன்று. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதி அறைகளில் ராத்திரி தூங்கும்போது ஒரு சின்ன ஃபேன் வைத்து வெளிக்காற்றை விட்டார்கள், 2,400 அளவில் இருந்தது 835-க்கு இறங்கியது. மறுநாள் அந்த மாணவர்களுக்குத் தூக்கக் கலக்கம் குறைந்தது, தர்க்கமாக யோசிக்கிற சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். என் நிலைமை அப்படியே அதுதான்: தூங்குகிற அறை, படிக்கிற பிள்ளை. வாயுவின் வேலையோ, அதோடு சேர்ந்து தேங்குகிற வியர்வை, நெடி, ஈரம் இவற்றின் வேலையோ, எதுவானாலும் மருந்து ஒன்றுதான்.

"அப்ப ஜன்னலைத் திறந்துட வேண்டியதுதானே" என்றாள் மனைவி. திறந்தோம். கார்பன் டை ஆக்சைடு 700-இல் நின்றது. தூசி மீட்டரில் பிஎம் 2.5, அதாவது நுரையீரல் வரை போகிற நுண்தூசி, இரவு சராசரி 88. நம் நாட்டு அளவுகோலே ஒருநாள் சராசரிக்கு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 15 என்று இறக்கிவிட்டது. (இந்தச் சின்ன லேசர் சென்சார்கள் ஈரப்பதம் 85-க்கு மேல் போனால் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிவிடும், கடலோரத்தில் அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.) சத்தமோ சொல்ல வேண்டியதில்லை. போன் ஆப் காட்டுவதை அப்படியே நம்ப முடியாது, ஆனால் மூடினால் 45, திறந்தால் 60 என்கிற வித்தியாசம் காதுக்கே தெரிகிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு விதிகளில் போட்டிருக்கிறது, டிரெய்லர் ஏர் ஹாரனுக்கு அதைப் படித்துக் காட்டுவது யார்? இரண்டாவது இரவு மூன்று பேரும் தூங்கவில்லை.

இதற்கு நடுவில் தற்செயலாக ஒன்று மாட்டியது. டப்பாவை ஒருநாள் ஹாலில் வைத்திருந்தேன், அம்மா அங்கேதான் படுப்பார். ஏழு மணிக்குக் கொசுவத்திச் சுருள் ஏற்றினார், எட்டு மணிக்கு பிஎம் 2.5 700 தாண்டிவிட்டது. லாரி தெருவைவிட எட்டு மடங்கு, நடு ஹாலில். 2003-இல் வந்த ஒரு ஆய்வில் ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வருகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருந்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். "எங்கப்பா பீடி குடிச்சதுக்கே நான் அவரைப் பேசாத பேச்சில்ல, என்னை நூறு சிகரெட்டுன்றியா?" என்று கோபித்துக்கொண்டார். கோபத்தில் சுருளை நிறுத்திவிட்டார், ஆனால் கொசு நிற்கவில்லையே. ஜன்னல்களுக்கு வலை அடித்தேன். முன்பு அடித்திருந்த இரும்பு வலை உப்புக்காற்றில் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துப் பொடியாய் உதிர்ந்தது, இந்தமுறை ஃபைபர் வலை. அம்மா கட்டிலுக்குத் தனியாகக் கொசுவலை கட்டினேன். இந்த முழு வேலையிலும் செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இதுதான். மற்றதையெல்லாம் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இனி வென்ட். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து உள்காற்றை வெளியே தள்ளுவது எல்லோருக்கும் தோன்றுவது, நானும் அப்படித்தான் ஆரம்பிக்க இருந்தேன். ஆனால் வெளியே தள்ளினால் அதற்கு ஈடாக எங்கிருந்தோ காற்று உள்ளே வந்தே தீரும். பாத்ரூம் இடுக்கு, கிழக்கு ஜன்னலின் இடுக்கு, எது சுலபமோ அங்கிருந்து வரும், வடிகட்டாமல் வரும். அதனால் மாற்றினேன்: ஃபேன் வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக உள்ளே தள்ளட்டும், பழைய காற்று இடுக்குகள் வழியாகத் தானே வெளியேறட்டும். அறைக்குள் அழுத்தம் ஒரு நூல் அதிகம் இருந்தால் தூசி இடுக்கு வழியாக நுழையாது.

எந்தப் பக்கத்துக் காற்று என்பதைப் பார்க்க டப்பாவை ஒருநாள் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே, மறுநாள் மேற்கில் சந்துப் பக்கம் கட்டித் தொங்கவிட்டேன். கிழக்கில் நள்ளிரவுக்கு மேல் 90, சந்தில் 54. ஒரே வீடு, முப்பது அடி தூரம்! இரண்டு நாளும் ஒன்றல்லதான், ஆனால் மாற்றி மாற்றி நான்கு இரவு பார்த்தும் சந்துதான் ஜெயித்தது. மேற்குச் சுவர் ஒன்பது இன்ச்.

எனக்குத் தெரிந்த கொத்தனார் தம்பி ஒருவர் வியாசர்பாடியிலிருந்து வந்தார். "இன்னாண்ணா, ஏசி ரூம்ல போய் ஓட்ட போடச் சொல்ற? குளிரெல்லாம் பூடும்ணா" என்றார். வெங்காயக் கதையைச் சொன்னேன். உளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எங்க வூட்ல ஏழு பேரு படுக்குறோமே" என்றார். அப்புறம் ஒன்றும் பேசாமல், பரணுக்குச் சற்று மேலே நாலு இன்ச் பிவிசி பைப்புக்கு ஓட்டை போட்டார். மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி பைப்பை வெளிப்பக்கம் சரித்து, எல்போ ஒன்றைக் கவிழ்த்து, அதன் வாயில் வலை கட்டினோம்.

முதல் முயற்சி படுதோல்வி. உயர்ந்த ரக ஹெப்பா ஃபில்டர் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிற 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டைப் பின்னால் வைத்தேன். ஃபேன் சுற்றுகிறது, டிஷ்யூ பேப்பரைக் காட்டினால் அது ஆடக்கூட மாட்டேன் என்கிறது. எவ்வளவு காற்று வருகிறது என்று அளக்க ஒரு சுலப வழி இருக்கிறது. 120 லிட்டர் என்று உறையில் போட்டிருக்கிற குப்பைப் பையைச் சுருட்டிக் காற்றைப் பிழிந்து, வாயை ஃபேனில் மாட்டி, உப்பி விறைப்பாக எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். எனக்கு 36 நொடி. மணிக்கு 12 கன மீட்டர், இடுக்கில் வருகிற அளவுதான். இந்தச் சின்ன ஃபேன்களுக்குத் தள்ளுகிற சக்தி குறைவு, அடர்ந்த ஃபில்டர் முன்னால் திணறிப்போகும்.

இதற்கு விடை 2020-இல் கோவிட் சமயத்தில் கோர்சி, ரோசென்தால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் செய்த பெட்டியில் இருந்தது. ஃபில்டரின் பரப்பைக் கூட்டிவிட்டால் ஒவ்வொரு அங்குலத்திலும் காற்று மெதுவாகப் போகும், தடை குறையும், சுமாரான ஃபேனே போதும். அவர்கள் போட்ட அளவு ஃபில்டரை இங்கே தேடி அலைவதைவிட, கார் ஏசியில் போடுகிற கேபின் ஃபில்டர் ஜிபி ரோடு கடைகளில் எந்த மாடலுக்கும் கிடைக்கிறது. ஒரே அளவில் நான்கு வாங்கி, பிளைவுட் பெட்டியின் நான்கு பக்கமும் வைத்து, சேருமிடங்களில் கதவுக்கு ஒட்டுகிற ஃபோம் டேப். பைப் காற்று பெட்டியைச் சுற்றி வந்து நான்கு ஃபில்டர் வழியாக நடுவில் நுழைந்து, ஃபேன் வழியாக அறைக்குள். குப்பைப் பை 6 நொடியில் உப்பியது. மணிக்கு 72 கன மீட்டர்!

ஹெப்பா அளவுக்கு இது வடிகட்டாது. வெளியே 54 இருக்கும்போது பெட்டி வாயில் 20, 22 காட்டுகிறது, எனக்குப் போதும். ஃபேனின் அதிர்வு பிளைவுட்டில் ஏறி ராத்திரி முழுக்க ங்... என்று முனகியது. பழைய ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டி ஃபேனுக்கும் பலகைக்கும் நடுவே வைத்து ஸ்க்ரூ போட்டேன், பெரும்பாலும் அடங்கிவிட்டது. கிழக்கு ஸ்லைடிங் ஜன்னலின் தேய்ந்துபோன பிரஷ் சீலையும் அதே வாரம் மாற்றினேன். இனி காற்றுக்கு அந்த இடுக்கு தேவையில்லை என்பதால் தைரியமாக அடைக்க முடிந்தது, சத்தமும் கொஞ்சம் இறங்கியது. தூங்குகிற அறைக்குள் 30 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் எழுதி வைத்திருப்பதை எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் வாங்க முடியாது.

முதல் இரவு ஃபேனை முழு வேகத்தில் விட்டேன். காலை 5 மணிக்கு 880 பிபிஎம். எனக்கு ஒரே பெருமை. ஆறு மணிக்குக் கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்றார். எங்கள் ஏசி தண்ணீர் விழுகிற பக்கெட் நிரம்பி வழிந்து, அவர்கள் கொடியில் காய்ந்த யூனிஃபார்ம் எல்லாம் ஈரம். இதை நான் யோசித்திருக்க வேண்டும், தொழிலே இதுதானே. வெளியே 28 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர். உள்ளே 26 டிகிரி, 60 சதவீதம் என்றால் 15 கிராம்கூட இல்லை. மிச்ச எட்டரை கிராமை ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏசி பிழிந்தெடுக்க வேண்டும். மணிக்கு 60, 70 கன மீட்டர் என்றால் அரை லிட்டருக்கு மேல், ஒரு ராத்திரிக்கு நாலைந்து லிட்டர். டென்மார்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, குளிர்நாட்டு வெளிக்காற்றில் தண்ணீரே குறைவு. மெட்ராஸில் காற்றை வாங்கினால் தண்ணீரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, டிரெயின் குழாயை நேராகப் பாத்ரூமுக்கு இழுத்தேன். ஃபேனுக்கு 12 வோல்டுக்குப் பதில் 9 வோல்ட் கொடுத்தேன், காற்று மணிக்கு 45 கன மீட்டர் அளவுக்கு இறங்கியது. இடுக்குகளை அடைத்துவிட்டதால் கிட்டத்தட்ட இதுதான் மொத்தக் காற்று, இப்போது அதிகாலை 1,200-ஐ ஒட்டி நிற்கிறது. பெட்டன்கோஃபர் கோட்டைவிடக் கொஞ்சம் மேலே, ஆனால் கரன்ட் பில்லையும் பார்க்க வேண்டுமே. ஏசி ஓடுகிற மாதங்களில் இரண்டு மாத பில்லுக்கு 40, 50 யூனிட் கூடுகிறது.

இன்னொரு பாடம் மூக்கு வழியாக வந்தது. ஒருநாள் காலை ஐந்தரைக்குக் கருவாட்டுக் குழம்பு வாசனையில் மூவரும் எழுந்து உட்கார்ந்தோம். சந்துக்கு அந்தப் பக்கம் சமையலறை. ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது, வாயுவையும் பிடிக்காது. அதனால் ஒரு டைமர்: இரவு 10 முதல் காலை 5.15 வரை ஃபேன், அதற்குப் பிறகு நிறுத்தம். மகள் மாலையில் கதவைச் சாத்திப் படிக்கிற நேரம் 7 முதல் 9 வரை மறுபடி. கூடவே பைப் வாயில் கையால் தள்ளி மூடுகிற ஒரு ஷட்டர், கட்டில் பக்கத்திலேயே சுவிட்ச். சில ராத்திரிகளில் மணலி பக்கத்திலிருந்து வாடை வரும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடியதை நாம் யாரும் மறக்கவில்லை. வெளிக்காற்றை இழுக்கிற எந்த எந்திரத்துக்கும் வடசென்னையில் முதலில் வேண்டியது, அதை ஒரு நொடியில் நிறுத்துகிற வழி. போகி அன்றைக்கும் அப்படித்தான், முந்தின இரவே ஷட்டரை மூடிவிட்டேன்.

ஏசி தேவைப்படாத மாதங்களில் வேலை சுலபம். கடல்காற்று பிடித்த மத்தியானம் 2 மணியிலிருந்து 5 மணி வரை கிழக்கு ஜன்னலை அகலத் திறந்துவிடுகிறோம், காற்று ஓடுவதால் தூசி 25, 30-க்கு மேல் போவதில்லை. அதிகாலையில் வாக்கிங் போய் நல்ல காற்று வாங்குவதாகச் சொல்கிறோமே, மீட்டரில் பெரும்பாலும் அதுதான் மோசமான நேரம், தூசியெல்லாம் தரையை ஒட்டிய காற்றிலேயே தேங்கிக் கிடக்கும்.

மொட்டைமாடி தளத்துக்கு வெள்ளையும் அடித்தேன், சுண்ணாம்பு இரண்டு கோட். யார்டிலிருந்து எடுத்துவந்த தெர்மாமீட்டர் துப்பாக்கியை நீட்டினால், மே மாதம் மத்தியானம் வெறுந்தளம் 57 டிகிரி, வெள்ளை அடித்த இடம் 43. பகலில் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குத்தான் நம் தலையில் இறக்குகிறது, பிள்ளைகள் படிக்கிற நேரம் அதுதான். 2016-இல் பாஸ்டனில் வெப்ப அலை அடித்தபோது ஏசி இல்லாத விடுதி மாணவர்கள் ஏசி இருந்தவர்களைவிடப் பதில் சொல்ல 13 சதவீதம் அதிக நேரம் எடுத்தார்கள் என்று ஒரு ஆய்வு உண்டு. பாஸ்டன் சூட்டுக்கே அப்படி!

மகளுக்குத் தலைகனம் போனதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போய்விட்டது என்கிறாள். நான் முழுசாக நம்பவில்லை, அப்பா ஒன்றரை மாதம் சுவரை இடித்துச் செய்ததை எந்தப் பிள்ளைதான் வேஸ்ட் என்று சொல்லும்? அதனால் ஒருநாள் சொல்லாமல் ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். இரவு பதினொன்றுக்கே "அப்பா, ங்-னு சத்தம் வரல, ஆஃப் பண்ணிட்டியா?" என்றாள். என் சோதனை அத்தோடு முடிந்தது. ஆனால் காலையில் எழுப்பினால் இரண்டாவது குரலுக்கு எழுந்துவிடுகிறாள், முன்பு ஐந்தாவது.

ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். முதல் செட்டைக் கழற்றியபோது அடுப்புக்கரி நிறம்.

கொத்தனார் தம்பி போன வாரம் போன் பண்ணினார். ஹவுசிங் போர்டு வீடு, ஒரே அறை, ஏழு பேர். ஏசி கிடையாது, மேற்குச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. ஜன்னல் ஒன்றுதான், அதுவும் காரிடாரைப் பார்த்து, அங்கேயும் ஆட்கள் படுத்திருப்பார்கள். "ஓட்ட நானே போட்டுக்கறேன்ணா, எங்க போடணும்னு மட்டும் சொல்லு" என்கிறார். எனக்கு இன்னும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டப்பாவை அங்கே வைக்கப் போகிறேன், இன்று மத்தியானம்தான் மொட்டைமாடியில் வைத்து 400-க்குத் திருத்தினேன்.